சிங்கப்பூர் வெங்காயம் இல்லை, லில்லிக் கிழங்கு

ஜானகி,

சாம்பாரைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். நேற்று உப்புக்காக நடந்த சண்டையை மனதில் வைத்து இல்லை. நீ அரிந்து போட்டது வெங்காயமே இல்லை, புள்ளே. இலை காய்ந்ததும் தோண்டி, திரும்ப நடுவதற்காக நான் நிழலில் உலர்த்தியிருந்த லில்லிக் கிழங்கு. விஷம்.

“ஏனுங்க, இதென்ன இத்தாச்சோடு பெருசா இருக்குது?” என்று நீ கேட்டபோது, “சிங்கப்பூர் வெங்காயம், ஒன்னு போட்டா ராயபுரம் வரைக்கும் மணக்கும்” என்றேன். நொய்யலில் முதலை மேல் உட்கார்ந்து கம்பெனிக்குப் போன கதையை இத்தனை வருடமாக நம்பாதவள், இதைப் போய் நம்பியிருக்கிறாயே!

மருமகள் சித்ரா டிபன் பாக்ஸில் அந்தச் சாம்பாரைத்தான் கொண்டுபோயிருக்கிறாள். கம்பெனியில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் பெருமாநல்லூரில் அவள் கம்பெனிக்கு ஓடுகிறேன். சாவி பக்கத்து ஊட்டில். ரசம் இருக்கிறது, அதில் கிழங்கு இல்லை.

உன் போனும் இங்கேயே கிடந்து அடிக்கிறது.

கோயிலுக்குப் போகுமுன் நீ ஒரு வாய் சாப்பிட்டிருந்தால், இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. இதுவும் என் புளுகு என்று தோன்றினாலும் போ. வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. திட்டுவதற்கு நீ வேண்டும், புள்ளே.

மயில்சாமி