காட்டாத கன்னம்

ஆடி 9, புதன்

குற்றாலத்தில் சாரல் விடவில்லை. மதியம் சுகாதார நர்ஸ் மல்லிகா என் பழக்கடைக்கு வந்தாள். புகையிலை போடுகிறவர்கள் வாயைப் போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறாளாம், புற்று இருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுமாம்.

“வாயில கெடக்குற பொகையிலையத் துப்பிட்டு வாங்க அண்ணாச்சி. பயப்படுதீங்களா?”

“எனக்கென்ன பயம்? போனக் கொண்டா, நானே எடுத்துத் தாரேன்.”

திரும்பி நின்று, இரண்டு பக்கமும் எடுத்த மாதிரி, வலது கன்னத்தின் உட்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன். நல்ல மங்குஸ்தானை மேலே அடுக்கிப் பழகிய கை. இடது கன்னத்தில் மூன்று மாதமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது.

சாயங்காலம் மல்லிகா போன் செய்தாள். “டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லுதாரு.”

வீட்டுக்காரிக்கு ஒரே சந்தோஷம். “அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவல்லா” என்று, என் வாய் எரிச்சலுக்காகக் குறைத்திருந்த காரத்தை மீன்குழம்பில் பழையபடி போட்டுவிட்டாள். முதல் வாயிலேயே இடது பக்கம் தீயாக எரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கன்னத்தைப் படம் எடுத்தேன். நடந்ததை எழுதி மல்லிகாவுக்கு அனுப்பினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“நாளைக்குக் கடையத் தொறக்க வேண்டாம் அண்ணாச்சி. காலைல நானே வாரேன்.”

சீசன் நேரத்தில் கடையைப் பூட்டச் சொல்கிறாள். ஏன் என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பார்த்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை.