நாளைக்கழித்து மறுநாளுக்கு முந்தின நாள்

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜெயப்பிரியா இந்த டைரியைக் கொடுத்து நாலு மாசம் ஆகிறது. "தண்ணி ஆர்டரை இதுல எழுதுங்கய்யா, மறக்க மாட்டீங்க" என்று கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அஞ்சாப்புப் படித்த அப்பனுக்கு மகள் போட்ட வீட்டுப்பாடம். ஆர்டர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மிச்ச இடம் சும்மா கிடக்கிறதே என்று ஊர்க்கதையையும் எழுதி வைக்கிறேன்.

இன்றைக்குப் புதுமடத்துக்கு மூன்று நடை. வெயிலுக்கு அங்கே கிணறெல்லாம் உப்புக் கரிக்கிறது. உச்சிப்புளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு குட்டியானை வண்டியைத் தெருவுக்குள் விட்டால் போதும், குடத்தோடு ஓடி வந்துவிடுகிறார்கள். டீக்கடைக் காதர் மைதீன், அடுத்து எப்ப வருவீங்க என்று கேட்டார். நேத்து வாரேன் என்றேன். கடையே சிரித்தது. எப்ப வருவே என்று கேட்டவருக்கு நான் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

ஏப்ரல் 16, புதன்

காலிதா – 40 குடம்.

காலிதாவின் வீட்டுக்காரர் சுஐபு சவுதியில், தம்மாமில் இருக்கிறார். மகள் அம்ரீனைப் பேசி முடிக்கப் பெரியபட்டினத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆள் வருகிறது. இருபது பேருக்குச் சாப்பாடு. உப்புத் தண்ணியை வைத்து ஆக்க முடியாதுண்ணே, எப்பக் கொண்டு வருவீங்க என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நான் சொன்னேன்: "நாளைக்கழிச்சு மறுநாளுக்கு முந்துன நாளுக்கு அடுத்த நாள் வாரேன் தங்கச்சி."

குடத்தோடு நின்ற மற்ற பெண்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, சனி என்று கண்டுபிடித்துச் சிரித்தார்கள். அதற்குள் காலிதா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தது. அதுவும் சிரித்தது. கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது. "சரிண்ணே" என்று போய்விட்டது.

ஏப்ரல் 19, சனி

காலிதா வீடு பூட்டிக் கிடந்தது. துணி எடுக்க ராமநாதபுரம் போயிருக்கிறார்களாம். மூன்று தடவை ஹாரன் அடித்தேன். போன் போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை. சொன்ன நாளில் வந்தாச்சு, இனி அவர்கள் பாடு. நாற்பது குடத்தையும் தெருவில் மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டு வந்தேன். திருவாடானைக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

திருவாடானையில் மச்சான் தர்மராஜ் பேத்திக்குக் காதுகுத்து. நல்ல கூட்டம், நல்ல கறி.

காலையில் ஒன்பது மணிக்குக் காலிதா போன். "அண்ணே, இன்னும் வண்டியக் காணோமே?" நேற்றே வந்தேனே என்றேன். இல்லையேண்ணே, இன்றைக்குத்தானே சொன்னீங்க என்றது. எங்கே, நான் சொன்னதை எண்ணிப் பாரு என்றேன். தர்மராஜ் ஸ்பீக்கரில் போடச் சொன்னான். போட்டேன். பந்தலில் முப்பது பேராவது இருப்பார்கள். அது எண்ணியது. "நாளைக்கழிச்சு... வெள்ளி. மறுநாள்... சனி. அடுத்த நாள்..." முந்தின நாளை விட்டுவிட்டு ஞாயிறு என்றது. பந்தலே அதிர்ந்தது. "செல்லச்சாமி மச்சான், இன்னொருக்க எண்ணச் சொல்லுங்க" என்றான் தர்மராஜ். எண்ணச் சொன்னேன். மறுபடியும் ஞாயிறுதான். பிறகு அதுவும் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டது.

சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சுத்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

காதர் மைதீன் சொன்னார்.

கடையில் விற்கிற தண்ணீர் கேன் நாலுதான் கிடைத்ததாம். அது வந்தவர்கள் குடிக்கவே பத்தவில்லை. சோறும் கறியும் உப்புத் தண்ணியில் வெந்திருக்கிறது. டீக்கு வைத்த பால் மூன்று தடவை திரிந்துபோனதாம். மாப்பிள்ளையின் உம்மா சூஃபியா ஒரு வாய் வைத்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்களாம். என்ன ஆச்சு என்று கேட்டதற்குக் காலிதா உள்ளதைச் சொல்லியிருக்கிறது, தண்ணி வர்ற நாளை நான்தான் தப்பா எண்ணிட்டேன் என்று. கூட வந்த ஒரு அம்மா, "நாள் எண்ணத் தெரியாத உம்மா, மகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பா" என்று சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான்.

சுஐபு மச்சான் தம்மாமிலிருந்து போனில் கத்தினாராம்.

நான் காதர் மைதீனிடம் என்ன சொன்னேன்? "நான் சரியாத்தான் சொன்னேன், நாலு பொம்பளைகளுக்குப் புரிஞ்சதே." அவரும் ஆமாம் என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினாறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நானே எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது.

அப்படியென்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் புரியவில்லை என்று அங்கேயே, வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். தெரிந்துதானே அந்த வரியை எழுதியிருக்கிறேன்?

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியாதா. போன வருஷம் வண்டிக்கு எஃப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனபோது கவுண்டரில் இருந்தவர் இங்கிலீஷ் பாதி தமிழ் பாதியாக ஏதோ ஒரு நாள் சொன்னார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். திருப்பிக் கேட்கக் கூச்சம். நான் சிரித்தேன். சரிங்க சார் என்றேன். மூன்று தடவை தப்பான நாளில் போய் நின்றேன். மூன்றாம் தடவை அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அதற்கும் சிரித்தேன்.

அந்த ஆளை ஒரு வருஷமா திட்டிக்கிட்டிருக்கேன். அவனாவது ஸ்பீக்கர்ல போடலை.

ஏப்ரல் 23, புதன்

வீட்டுக்காரி முருகலட்சுமியிடம் சொன்னேன். மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "இருபத்தாறு வருஷமா நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன், நீ எப்ப வீட்டுக்கு வருவேன்னு" என்றாள்.

இவளும் சிரிப்பாளே. அது எந்தச் சிரிப்பு?

ஏப்ரல் 24, வியாழன்

காலிதா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, தப்பு என்னோடதுதான் தங்கச்சி என்றேன். "பரவாயில்லண்ணே, நான்தான் ஒழுங்கா எண்ணலை" என்று சிரித்தது. அதே சிரிப்பு. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்ரீன் உள்ளேயிருந்து வந்தது. பி.காம். படித்த பிள்ளை. என்னைச் சின்ன வயசிலிருந்து மாமா என்று கூப்பிடும். இன்றைக்குக் கூப்பிடவில்லை.

"எங்க உம்மாவ போன்ல எண்ண வச்சீங்கள்ல. அங்கன எத்தனை பேர் இருந்தாங்க?"

நான் மட்டும்தான் இருந்தேன் என்றேன்.

"சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே."

அது டிவி என்றேன்.

ஐம்பத்தொரு வயசு எனக்கு. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து, டிவின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் ஒரு பொய். வண்டியை எடுத்துத் தெரு தாண்டும் வரைக்கும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

சேதி ஒன்றும் வரவில்லையாம். காதர் மைதீனிடம் தினமும் கேட்கிறேன். அவரே இனி கேட்காதீங்க என்கிறார். நாளைக்குப் பெரியபட்டினம் போகிறேன்.

போய் என்ன சொல்ல?

ஏப்ரல் 27, ஞாயிறு

போனேன்.

சூஃபியாம்மா வீட்டு வாசலில் வேப்பமரம். புதுமடத்துக்குத் தண்ணி கொண்டு போகிறவன் என்றதும் முகம் மாறியது. ஆனாலும் நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. அன்றைக்கு டீ திரிந்ததற்கு நான்தான் காரணம் என்றேன்.

"நீங்களா டீ போட்டீங்க?"

வேறு நாளாக இருந்தால் இந்த அம்மாவோடு ஒரு மணி நேரம் பேச்சுக் கொடுத்திருப்பேன். நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். பந்தலையும் சொன்னேன். முப்பது பேர் என்றும் சொன்னேன்.

"அப்படி என்னதான் சொன்னீங்க? அதைச் சொல்லுங்க, கேப்போம்."

சொன்னேன். எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம், நாக்கில் வரவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். அந்த அம்மா விரலை மடக்கினார்கள். புதனில் இருந்து எண்ணணுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் மடக்கினார்கள். வெள்ளி என்றார்கள். நிலைப்படியில் நின்ற மகன் இஃப்திகார், ஞாயிறு என்றான். இந்தத் தம்பிதான் மாப்பிள்ளை. அம்மாவும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சனி என்று நான் சொல்லவில்லை.

"இதையா வேலைக்கு நடுவுல நின்ன பொம்பளைகிட்டச் சொன்னீங்க?"

ஆமாம்மா என்றேன்.

"இப்பச் சிரிக்கலையே நீங்க."

வேப்பம்பூ காலடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, என்ன முடிவுன்னு எப்பம்மா சொல்லுவீங்க என்று கேட்டேன். "பாப்போம்" என்றார்கள். பாப்போம் என்றால் எந்தக் கிழமை? வழியெல்லாம் இதே யோசனை. பதில் தெரியாமல் காத்துக் கிடப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இந்த வயசில் தெரிந்துகொள்கிறேன்.

மே 3, சனி

இன்றைக்குக் காலிதாவிடம் தனியாகச் சொன்னேன். அது டிவி இல்லை தங்கச்சி, முப்பது பேர் இருந்தார்கள்.

"தெரியும்ணே. டிவி ஒங்கள மச்சான்னு கூப்பிடுமா?"

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. சிரிக்கவில்லை.

மே 11, ஞாயிறு

சேதி இல்லை.

மே 14, புதன்

தண்ணீர் ஊற்றும்போது யாரும் எதுவும் கேட்காமலே நான் சொல்லிவிடுகிறேன். அடுத்து சனிக்கிழமை, பதினேழாம் தேதி, காலையில் ஏழு மணி. பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. என்னண்ணே உடம்புக்கு முடியலையா என்கிறார்கள். இந்த நாற்பது குடத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் நான் எத்தனை பேரை அலைய விட்டேனோ, ஒருத்தரும் சொன்னதில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

மே 20, செவ்வாய்

பெரியபட்டினத்திலிருந்து நேற்று ஆள் வந்ததாம். பேசி முடித்துவிட்டார்கள். காதர் மைதீன் ஓசி டீ கொடுத்தார். சூஃபியாம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம், காலிதா கையைப் பிடித்துக்கொண்டு, அவர் வந்து சொன்னப்ப நானும் தப்பாக, வெள்ளி என்றுதான் எண்ணினேன் என்றார்களாம்.

டீயை முழுசாகக் குடித்தேன்.

ஜூன் 9, திங்கள்

காலிதா வண்டி வரைக்கும் வந்து நிக்காஹ் பத்திரிகை கொடுத்தது. ஜூன் 15, ஞாயிறு. தேதிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. முருகலட்சுமியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது.

தண்ணி எத்தனை குடம் என்று நான் கேட்பதற்குள் அதுவே சொல்லிவிட்டது. "கல்யாணத் தண்ணிக்கு வேற வண்டிக்குச் சொல்லியாச்சுண்ணே. அம்ரீன்தான் சொன்னுச்சு. தப்பா நினைக்காதீங்க."

அம்ரீன் சொன்னது சரிதான். பரவாயில்லை என்று சிரித்தேன். என் சிரிப்பு எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போனோம். பந்தல் வாசலில் வேற ஆளுடைய குட்டியானை நின்றது, பெரிய டேங்கோடு. சாப்பாட்டுப் பந்தியில் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். புதுமடத்தில் இருபது வருஷத்தில் முதல் தடவையாக அடுத்தவன் தண்ணி. நல்லாத்தான் இருந்தது. என் தண்ணியை விட ஒரு படி மேலே என்று முருகலட்சுமி என் காதில் சொன்னாள்.

கிளம்பும்போது காலிதா வாசல் வரைக்கும் வந்தது. கல்யாணத்துக்கு ஊர் வந்திருந்த சுஐபு மச்சானும் கூட நின்றார். ஊர் சனமெல்லாம் நிற்கிறது. எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டது: "அண்ணே, இனி வீட்டுக்குத் தண்ணி எப்பக் கொண்டு வருவீங்க?"

"புதன்கிழமை. பதினெட்டாம் தேதி. காலையில ஏழு மணி."

இன்னும் ஏதோ வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

சட்டென்று சிரித்தது.

ஜூன் 18, புதன்

காலிதா – 10 குடம். ஏழு மணிக்கு ஊற்றியாச்சு.