கோரையா, புல்லா?

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் எங்கோ தொடங்கி எங்கோ போய்விடுகிறேன், அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. வீட்டு நிலவரம்.
2. நீ அனுப்பிய ஸ்லைடுகளை நான் எண்ணியது.
3. உன் எண்ணிக்கையே சரி, என் கண்தான் கோளாறு என்பது.
4. ஆய்வுக் குழுவின் முன் நீ பேசப்போவது.

வீட்டில் குறையில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி என்னை அதட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. மாடியில் புதிதாகக் குடிவந்தவர் எந்நேரமும் நாற்காலியை இழுக்கிறார், அவர் இழுத்தால் என் நுண்ணோக்கியில் மகரந்தமெல்லாம் நடுங்குகிறது, போய்ச் சொல்ல எனக்கு நா எழவில்லை, அம்மாதான் போனாள், திரும்பி வந்து, "மனுஷங்ககிட்ட பேசத்தான் உங்களுக்கு வாய் வராது, அந்தத் தூசிகிட்ட நாள் பூரா பேசுங்க" என்று என்னைத்தான் திட்டினாள்.

ஸ்லைடு விஷயத்துக்கு வருகிறேன். சதுப்பில் குழாய் இறக்கி எடுத்த சேற்றின் மகரந்தத்தை அடுக்கு அடுக்காக நீ எண்ணிவிட்டு, அதிலிருந்தே இன்னொரு செட் ஸ்லைடு செய்து, எது எந்த அடுக்கு என்று சொல்லாமல் என்னையும் எண்ணச் சொன்னாய், கல்லூரியில் தாவரவியல் நடத்தியவனுக்கு அது சந்தோஷமான வேலைதான். நான் முடித்தபின் நீ அனுப்பிய கணக்கோடு ஒப்பிட்டால் மற்ற அடுக்குகளெல்லாம் ஒத்துப்போகின்றன. மரங்களின் மகரந்தம் சட்டென்று குறையும் அந்த ஓர் அடுக்கில்தான் தலை சுற்றுகிறது. அதில் புல் நிறைய, ஆகவே மரங்கள் காய்ந்து புல்வெளி வந்தது, பெரும் வறட்சி என்று நீ கட்டுரையே எழுதிவிட்டாய். எனக்கோ அவை கோரையாகத் தெரிந்தன. கோரை என்றால் நேர் எதிர், தண்ணீர் ஏறி மரங்கள் வேர் அழுகிச் செத்திருக்க வேண்டும். ஒரே சேறு, உனக்கு வறட்சி, எனக்கு வெள்ளம். புரை எடுத்த கண்ணால் பார்த்தால் கோரை, எடுக்காத கண்ணால் பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. உன் வேலை நீடிப்பதே இந்தக் கட்டுரையை நம்பித்தான் என்று நீ சொன்னதும் நினைவில் இருந்தது. அதனால்தான் மூன்றாவது குறிப்பை அப்படி எழுதினேன்.

இவ்வளவு எழுதியபின் மனம் கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தேன். மேல்கண்ணாடியைப் பென்சில் நுனியால் லேசாக அழுத்தினேன், துகள்கள் எண்ணெயில் உருண்டன. முதலில் புல்லைப் போலவே உருண்டையாக, ஒற்றைத் துளையோடு தெரிந்த ஒரு துகள், புரண்டதும் ஒரு பக்கம் கூம்பிப் பேரிக்காய் ஆகிவிட்டது. புல் எப்படிப் புரண்டாலும் உருண்டைதான், பேரிக்காய் வடிவம் கோரைக்குத்தான். அழுத்திப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். நீ கணினி எடுத்த படங்களை வைத்து எண்ணினாய், படத்தை உருட்ட முடியாதே. ஆனாலும் என் குழப்பம் தீரவில்லை, தண்ணீர் ஏறியது என்றால் எங்கிருந்து, மழையா, கடலா, ஆறு தடம் மாறியதா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவ என்ன கண்ணாடி டம்ளரா, சொன்னா உடைஞ்சுபோக? நாளைக்குக் கூட்டத்துல எவனாவது கேட்டு அவ முழிக்கிறதுக்கு, பெத்தவர் சொல்லிட்டா தேவலை. வழவழன்னு இழுக்காம எழுதுங்க" என்றாள். ஆகவே நான்காவது குறிப்புக்கு என் யோசனை, கூட்டத்துக்கு முன்பே உன் ஆய்வுத் தலைவரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. ஆனால் வராத வறட்சிக்காக நீ நாலு பேர் முன் வாதாடக்கூடாது.

உன்னிடமுள்ள ஸ்லைடை ஒருமுறை நீயே அழுத்திப் பார், மறந்துவிடாதே. உடம்பைக் கவனித்துக்கொள், எது நடந்தாலும் எங்கள் ஆசி உன் பக்கம். புதுத் தாளில் எழுத உட்கார்ந்தால் மறுபடி பயம் வந்துவிடும் என்று இதையே அனுப்புகிறேன். மூன்றாவதாக நான் எழுதியது தவறு. என் கண் சரியாகத்தான் இருக்கிறது மகளே, பிசகியது உன் எண்ணிக்கை.

உன் அப்பா