நடுவர் நாற்காலியில் நீ சொன்ன தீர்ப்பு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகும் யாரிடமும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை தேனி பஜாரில் லேப்டாப் சார்ஜரைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கால் தானாக ஓரடி பின்னால் போனது. "தள்ளி நில்லு மாப்ள, பொகை கண்ணுல அடிக்கும்" என்று நீ சொல்வதற்கு முன்பே நகர்ந்து பழகிய கால். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், பயந்துட்டீங்களா?" என்றார்.

உன் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் கடைக்குள் எப்போதும் அந்த வாசனைதான். திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களும் சர்ச் மைக் செட்டுகளும் வயிறு பிளந்து மேசையில் கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஓடைப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன். அப்பாவின் திராட்சைத் தோட்டத்து மருந்து நெடி என் சட்டையில் இருப்பதாக நீ கேலி செய்வாய். சென்னையில் படித்த உன் சித்தி மகன் பதிவு செய்து அனுப்பும் கேசட்டுகள் உன்னிடம் வரும். அதன் பிறகு ஊரில் வேறு யாரும் போடாத ஒரு சண்டையை நாம் போடுவோம். அமெரிக்காவில் பிறந்த ராக் இசைக் குழுக்களிலேயே எது தலைசிறந்தது?

உன் குழு கலிஃபோர்னியாவைச் சேர்ந்தது. கிட்டாரை மெதுவாகத் தொடங்கி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சாகப் பாடுகிறவர்கள். சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிற உனக்கு, நாலு குரல் ஒன்றாகச் சேரும் இடம் வந்தால் கண் மூடிக்கொள்ளும். என் குழு சியாட்டிலைச் சேர்ந்தது. வருஷம் முழுக்க மழை தூறும் ஊர் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஈரமும் எரிச்சலும் அவர்கள் பாட்டில் இருந்தன.

"உன் ஆளுக ஏன் மாப்ள பல்லுவலி வந்தவுக மாதிரியே பாடுறாக?"

"ஒன் ஆளுக கல்யாண வீட்டுல சந்தனம் பூசி விடுறவுக மாதிரி பாடுறாகளே, அது பரவால்லையா?"

"சந்தனம் மணக்கும்ல? பல்லுவலி மணக்குமா?"

நாம் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். எதிராளியின் குழுவைத் திட்டுவதற்கு முன்னால் அதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். மனசார இருக்க வேண்டும். இல்லையென்றால் டேப்பை நிறுத்திவிடலாம். விதியைக் கொண்டுவந்தவன் நீ. எனக்கு அது எப்போதுமே கஷ்டம். உன் குழுவைப் பற்றி நல்ல வார்த்தை தேடி நான் திணறும்போது, "ஏலே, நல்லது சொல்ல இம்புட்டு நேரமா? உன்னப் பிடிச்ச சனி குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போனாலும் எறங்காதுலே" என்று சிரிப்பாய். நீயோ சட்டென்று சொல்லிவிடுவாய். என் குழுவின் டிரம்ஸ்காரன் கோபத்திலும் தாளம் தப்பாதவன் என்பாய். பாடகன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளவே இல்லை என்பாய். சொல்லிவிட்டுத்தான் திட்டுவாய்.

உன் அண்ணன் இறந்து அடக்கம் முடிந்த வாரம் அது. கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே வந்தேன். என் குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் சரியாகிவிட்டதா என்று பார்க்க நீ வழக்கமாகப் போடுகிற பாட்டுத்தான். "பாஸ் சத்தம் நல்லா எறங்குது மாப்ள, அதுக்காகத்தான் போடுறேன்" என்று அதற்குக் காரணம் சொல்லிவைத்திருந்தாய். ஆனால் அன்று மேசைமேல் எந்த ஸ்பீக்கரும் பிரிந்து கிடக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பாட்டு முடிகிறவரை கேட்டேன்.

பிறகு நீதான் சொன்னாய். "வீட்டுக்கு வர்றவுக எல்லாம் ஆறுதல் சொல்றாக. நானும் கொயர்ல நின்னு எல்லாம் சரியாப் போயிரும்னு பாடிட்டு வந்துட்டேன். இவிங்க மட்டுந்தான் மாப்ள சரியாப் போயிரும்னு சொல்லல. இதுக்கு மேல ஒரு குழு கெடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லிராத. கொயர்ல மானம் போயிரும்" என்றாய்.

நான் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நீ பழையபடி கலிஃபோர்னியாவுக்கு வாதாடினாய்; நானும் ஒன்றும் தெரியாதவன்போல எதிர்த்துப் பேசினேன். அந்த வாதங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

அப்புறம் அந்தக் கல்யாண மண்டபம். பழைய கேசட் காலத்து ரசிகர்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் கூடுகையில் பட்டிமன்றம் வைத்தார்கள். நாம் இருவரும் போட்ட சண்டையே தலைப்பு. சியாட்டிலுக்குப் பள்ளிக்கூட வாத்தியாரான நான், கலிஃபோர்னியாவுக்குப் போடி ஏலக்காய் வியாபாரி ராஜேந்திரன். நடுவராக வருவதாகச் சொன்னவர் வரவில்லை. உன்னைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உள்ளுக்குள் எனக்கு ஒரு சிரிப்பு. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்.

நன்றாகவே பேசினேன். ஒரு பாட்டு மனிதனுக்கு ஆறுதல் சொல்லியே ஆக வேண்டுமா என்று கேட்டேன். உன்னைப் பார்த்துத்தான் கேட்டேன். நீ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். ராஜேந்திரன் மூன்று ஜோக் அடித்துவிட்டு உட்கார்ந்தார். நீ எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தாய்.

"நம்ம வாத்தியார் அருமையாப் பேசுனாக. ஆனா அவுக சொன்ன குழுவக் கேட்டா பல்லுப் புடுங்குன மறுநாள் மாதிரி இருக்கு. பாடுறாகளா, நம்மளத் திட்டுறாகளான்னே தெரியல. வாத்தியாரும் அப்பிடித்தான், கேட்டுப் பாருங்க, ஓடைப்பட்டி பஸ்ஸுல வர்றவுகளுக்குத் தெரியும்! தீர்ப்பு கலிஃபோர்னியாவுக்கு."

மண்டபம் விசிலடித்துச் சிரித்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலரும் பின்வரிசையில் சிரித்தார்கள். தோற்றதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். திட்டுவதற்கு முன் ஒரு நல்ல வார்த்தை என்று விதி போட்டவன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் ஓடிவந்து என் பையைப் பிடித்தாய்.

"மாப்ள, நடுவர் சேர்ல உக்காந்துட்டு உன் பக்கம் சொன்னா, கூட்டாளிக்குச் சாதகமாச் சொல்லிட்டான்னு பேசுவாகல்ல?"

"அதுக்கு? நல்ல வார்த்த ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"ஆரம்பிச்சிருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டேன் மாப்ள. அங்கன எல்லார் முன்னாடியும் அழுதிருப்பேன்."

"நல்லா கதை சொல்ற. பைய விடு."

பஸ் கிளம்பியது. நீ கொஞ்ச தூரம் ஜன்னலோரமாகவே நடந்து வந்தாய். நான் மறுபக்கத்து ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் நான் தேனியில் இறங்கவில்லை. நீ செல்போனில் பாட்டாக அனுப்பிக்கொண்டிருந்தாய். பெரும்பாலும் என் குழுவின் பாட்டுகள். ஒன்றையும் திறக்கவில்லை. நீ இறந்த பிறகு வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். எல்லாமே நல்ல வார்த்தைகள். நடுவர் பாக்கி வைத்ததை நண்பன் தவணையாகக் கட்டியிருக்கிறான் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதினால் உன்னை முழுக்க மன்னித்துவிட்டதாக ஆகிவிடும். அந்த வரிகளை மண்டபத்தில் சொல்லியிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பதிலுக்கு ஒரு வார்த்தை நானும் சொல்லியிருக்கலாம். "நாலு குரலும் சேர்ற அந்த இடம் எனக்கும் பிடிக்கும்டா" என்று. அது பொய்யாக இருந்திருக்காது.

போன வாரம் உன் மகள் ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போட்டாள். வருஷ நினைவு ஜெபம் முடிந்து வீட்டில் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த குழுவின் பாட்டு ஒன்றைப் போடலாம் என்றிருக்கிறார்களாம். "அப்பா எத கிரேட்டுன்னு சொல்லுவாங்க அங்கிள்? யாருக்காவது நிச்சயமாத் தெரியுமா?" குரல் அப்படியே உன்னுடையது, கேள்வியின் கடைசியில் ஏறி நிற்பது உட்பட.

ராஜேந்திரன் உடனே பதில் போட்டார்: "இதுல என்னம்மா சந்தேகம்? கலிஃபோர்னியாதான். மேடையில அப்பா வாயாலேயே தீர்ப்புச் சொன்னாகளே!" அதற்குக் கீழே பத்துப் பேர் கைதட்டினார்கள். சண்டை ஓய்ந்துபோய்விட்டது. உன் பெயரில் அந்தத் தீர்ப்பு இப்போது கல்வெட்டாகிக்கொண்டிருக்கிறது.

நான் அந்த வாட்ஸப் குழுவில் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். "செத்த பெறகும் வாத்தியார் கேஸ விடலப்பா" என்பார்கள். மண்டபத்தில் தோற்றதை உன் வருஷ ஜெபத்தில் ஜெயிக்க வந்திருக்கிறான் என்பார்கள். நான் இருந்த இருப்புக்கு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் பார்த்தேன். ஆனால் ஷட்டர் பாதி இறங்கிய கடைக்குள் நீ உட்கார்ந்திருந்த இருப்பு எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நானும் மறைத்துவிட்டால், உன் வீட்டில் உன் நினைவாக ஒலிக்கிற பாட்டு நீ ஊருக்காகச் சொன்னதாகத்தான் இருக்கும்.

அதனால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். கடை விலாசத்துக்கு வருவதை இப்போது உன் மகள்தான் பிரிக்கிறாள். அவளுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அம்மா, எந்தப் பாட்டு என்று நீ யாரையும் கேட்க வேண்டாம். ஸ்பீக்கர் சரியாகிவிட்டதா என்று பார்க்க உன் அப்பா போடுவாரே, அதுதான். மெஷின் சத்தம் என்றே நினைத்து வளர்ந்திருப்பாய்.

உனக்கு, மாப்ள, இன்னும் ஒன்று. இப்போதும் ஏதாவது புதுக் குழுவைக் கேட்டால், முதல் பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். மறுத்துப் பேச ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. யாரும் பேசாததால், உன் பக்கத்து வாதத்தையும் நானே பேசிக்கொள்கிறேன். உன் அளவுக்கு வரவில்லை.

உன் மகளுக்கு இதைப் படித்ததும் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும், அவளோடு போகட்டும். கீழே என் பெயரைப் போட்டால் இது எனக்குச் சாதகமாக நானே எழுதிக்கொண்ட தீர்ப்பாகிவிடும். தீர்ப்பில் கையெழுத்துப் போடுவது நடுவரின் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நீ. நான் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு தரப்பு மட்டும்தான். பெயர் போடாமலே உறையை ஒட்டப் போகிறேன். நாளைக் காலை தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.