மூட்டைப்பூச்சி இல்லை

அண்ணா,

நாங்கள் சண்டை பிடித்து முப்பத்தாறு மணித்தியாலம். இன்னும் கதைக்கவில்லை. இடியப்பமும் சொதியும் மேசையில் மூடியிருக்கின்றன. வெளியே போனால் வீட்டைப் பூட்டி, திறப்பைக் கீழ்வீட்டு யோசெப்பின் அன்ரியிடம் கொடுங்கள்.

நேற்றுப் பின்னேரம் என் அறையில் கேட்ட சத்தம் நான்தான். கோபம் வந்தால் உடையக்கூடியதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, தலை துவட்டும் துவாயைச் சுருட்டி மெத்தையில் அடிக்கிறேன். பத்து நிமிடம் மட்டும். கை நொந்தால் நிறுத்திவிடுவேன். பிறகு தண்ணீர் குடித்து, யார்மேல் கோபம் என்று எழுதிப் பார்ப்பேன். நேற்று எழுதியதில் உங்கள் பெயரைவிட என் பெயர்தான் அதிகம்.

கீழ்வீட்டிலிருந்து அன்ரி வந்து, "என்ன பிள்ளை, மெத்தையில மூட்டைப்பூச்சியோ?" என்று கேட்டார். "ஓம் அன்ரி" என்றேன். பொய் எனக்கு அவ்வளவு பழகிவிட்டது.

இந்த மாதம் ஐந்து தடவை உங்கள் வேலைத்தலத்துக்குப் போன் பண்ணி, உங்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். இன்று சொல்லவில்லை. எட்டரைக்கு வேலைத்தலத்திலிருந்து டில்ஷானி மிஸ் உங்களை அழைப்பார். போன் உங்கள் தலைமாட்டில் இருக்கிறது. நீங்களே கதையுங்கள்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

மெரிட்டா

சொதியில் உப்புக் குறைவு. போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சொல்லிச் சொல்லி நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை, அண்ணா. நீங்கள் குடிக்கிறீர்கள்.