காலி இருக்கைக்கு சீட் பெல்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் முக்கியமான தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பள்ளி வேனின் சாவி இனி வாசல் ஆணியில் தொங்காது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமே கூடியிருந்தோம். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

என் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதத்துக்கு முடக்கிவிட்டார்கள், அக்கா.

போன மாதம் கிளட்ச் போய் வேன் நடுவழியில் நின்றது. இழுவை வண்டிக்காரர் பின்சக்கரங்களைத் தூக்கிக் கட்டி, வேனைப் பின்பக்கமாக இழுத்துப் போனார். நான் அவர் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். சிக்னல் கேமரா படம் பிடித்தது. எதிர்த்திசையில் ஓட்டியது ஒரு குற்றம். ஓட்டுநர் சீட் பெல்ட் அணியாதது இன்னொரு குற்றம். ஓட்டுநரே இல்லை என்பதைக் கேமரா பொருட்படுத்தவில்லை. போன வருஷம் பள்ளி வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி அபராதம் கட்டியதும் சேர்ந்து மூன்று. மூன்றானால் முடக்கம்.

விசாரணைக்குப் போனேன். அதிகாரி நல்லவர். படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இங்க பாருய்யா, ஆளே இல்லாத சீட்டுக்கு பெல்ட் கேட்டிருக்கான்!” என்று சிரித்தார். இரண்டு நோட்டீஸையும் ரத்து செய்யப் பேனாவைத் திறந்தார். பிறகு கணினியைப் பார்த்து மூடினார்.

அன்று காலை ஒன்பது பத்துக்கு என் வீட்டுக்காரர் இரண்டு அபராதத்தையும் கட்டியிருந்தார். நூலகர் அல்லவா? அபராதம் என்று கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எனக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று நினைத்தாராம்.

“கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்மா,” என்றார் அதிகாரி. வண்டியில் ஆளே இல்லை என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்றேன். “நான் சொன்னேன். ஒத்துக்கிட்டது நீங்களாச்சே!” கட்டாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். “அது நிலுவை. நிலுவையெல்லாம் உரிமத்துல ஏறாதும்மா.”

பதினெட்டு வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருவர் முழங்கால்கூடச் சிராய்த்ததில்லை. இதைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். “எனக்குத் தெரியாதா உங்கள? ஆனா உரிமத்துல ஒரு கறையும் இல்லாத ஆளத்தான் போடணும்னு விதி,” என்றார். பள்ளி கொடுத்த என் பாதை இன்னொருவருக்குப் போனால், தவணை கட்ட வழியில்லாமல் அதோடு வேனும் போகும். மூன்று மாதம் கழித்து அந்தப் பாதையை யார் எனக்காகக் காலி செய்து தரப் போகிறார்கள்?

என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு ஒரு போன் போட்டு வேறு எதையாவது பேசு. திட்டாதே. அது என் வேலை. அதற்கு உரிமம் தேவையில்லை. நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவரை மட்டும் கொஞ்சம் சிரிக்க வைத்துவிடு, அக்கா.

உன் தங்கை

பி.கு.: திங்கட்கிழமை முதல் என் பிள்ளைகள் பதினாறு பேரும் வேறு வேனில் போகிறார்கள். அதை ஓட்டுபவர் பெயரில் பதினொரு நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறது.