உங்களை எழுப்பக் கூடாதென்று

பழனிசெட்டிபட்டி,
7.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதி எழுதுவது. அண்ணன் வீட்டில் போன் பேசினால் தெருவுக்கே கேட்கும், அதனால்தான் இந்தக் காகிதம். சோறு வடித்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை பரோட்டாக் கடையே கதியா?

நேற்று மதினி என்னைத் தேனியில் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே பகல் முழுக்க அண்ணாந்து, கை தூக்கி நின்றதில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டதால் வலி கூடுகிறது என்றார். "நாலு வருசமாத் தூங்கலைங்கிற, வீட்டுக்காரர் கவனிக்கலையாம்மா?" என்று ஒரு அதட்டல் வேறு. "அவுகளுக்குத் தெரியாது சார், படுத்ததும் தூங்கிருவாக" என்றேன். கொடிக்கு மருந்தடித்து அலுத்து வரும் மனுஷனை எழுப்பச் சொல்கிறாரா?

ஆவணி பிறந்ததும் வந்துவிடுகிறேன். இங்கே இருப்புக் கொள்ளவில்லை.

உங்கள் ஜோதி

அனுமந்தன்பட்டி,
12.8.2024

அன்பு ஜோதிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்காக டாக்டரிடம் பரிந்து பேசியிருக்கிறாய். அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தூங்கவில்லை ஜோதி. எனக்கும் இடுப்பு வலி. நீ எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருவது தெரியும். என்னவென்று கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே ஓய்வெடு என்பார்கள். உன் கை இல்லாமல் தோட்டத்தில் என்ன நடக்கும்? இந்த அறுவடை முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீ நம்ப வேண்டுமென்று குறட்டைகூட விட்டிருக்கிறேன்.

நான் பாவி. இனி உன்னைப் பந்தலுக்கு விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொள்கிறேன்.

ஈஸ்வரபாண்டி

பழனிசெட்டிபட்டி,
14.8.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. யாரிடமும் காட்டவில்லை.

அத்தனை வருசமும் எனக்கு இருந்த ஆறுதல் ஒன்றுதான். வீட்டில் ஒரு ஆளாவது நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று உங்கள் குறட்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். முனகினால் எழுந்துவிடுவீர்கள் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். அதையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தீர்களா?

தெரியாமல் இருந்தவரோடு கடைசிவரை வாழ்ந்திருப்பேன். நீங்கள் தூங்கினீர்கள் என்று நினைத்துத்தான் உங்கள்மேல் கோபம் வராமல் இருந்தது. இப்போது அதையும் எடுத்துவிட்டீர்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். என் துணிமணியை எடுக்க அண்ணன் வருவார், கொடுத்துவிடுங்கள். உங்கள் இடுப்புக்கும் வைத்தியம் பாருங்கள், போட்டு வைக்காதீர்கள்.

இங்கே நான் முனகினால் மதினி எழுந்து வந்து தோளைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் பகலெல்லாம் வேலைதான்.

நாகஜோதி